கைத்தெளிப்பான்: முதல் டேங்க் அடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பூச்சிமருந்துக்கடையில் போய் நின்றால் முதல் கேள்வி, "எத்தனை மா?" (ஏறக்குறைய மூன்று மா ஒரு ஏக்கர்.) அடுத்த கேள்வி, "எத்தனை டேங்க் அடிப்பீங்க?" முதல் கேள்விக்கு, புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள்கூட பட்டாவைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் பக்கத்து வயல்காரர் சொன்ன எண்ணையே சொல்லிவிட்டு வருகிறோம். அவர் கை வேறு, அவர் நடை வேறு, அவர் தெளிப்பானில் இருக்கும் நாசில் வேறு. அவருடைய டேங்க் கணக்கு நம் வயலுக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் குடும்ப நிலத்தை எடுத்துச் செய்பவர்கள் இப்போது நிறைய. உழவுக்கு டிராக்டர், நடவுக்கு ஆட்கள் அல்லது இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம் என்று பல வேலைகளை வெளியே கொடுத்துவிடலாம். தெளிப்பானை மட்டும் ஒருநாள் நாமே முதுகில் மாட்ட வேண்டிவரும். ஆள் வைத்து அடித்தாலும், என்ன நடக்கிறது என்று வரப்பில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்காகத்தான் இது.

தெளிப்பானைத் தேர்ந்தெடுப்பது

கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 16 லிட்டர் டேங்க். இடது கையால் கைப்பிடியை ஆட்டி அழுத்தம் ஏற்றும் கைத்தெளிப்பான் ஒன்று. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பேட்டரி தெளிப்பான் இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததும் உண்டு. பெட்ரோலில் ஓடும் பவர் ஸ்பிரேயரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை கைத்தெளிப்பான்தான். பேட்டரி வகையில் கை வலிக்காது, உண்மை. ஆனால் சேற்று வயலில் எடைதான் பெரிய எதிரி. தண்ணீர் மட்டுமே 16 கிலோ, அதற்கு மேல் பேட்டரி, மோட்டார் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். முழங்கால் வரை புதையும் களிமண்ணில் அதைச் சுமந்து நேராக நடப்பது பழகாதவருக்குக் கஷ்டம். கைத்தெளிப்பானிலும் முதல் சில நாள் 10 அல்லது 12 லிட்டர் மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் மருந்தின் அளவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

வாங்கும்போது கடையிலேயே தண்ணீர் ஊற்றி மாட்டிப் பாருங்கள். மூடி இறுகுகிறதா, குனிந்தால் முதுகில் ஒழுகுகிறதா, தோள்பட்டை வார் அகலமாக இருக்கிறதா, வாய்ச் சல்லடை இருக்கிறதா, ட்ரிக்கரை விட்டதும் தண்ணீர் சட்டென்று நிற்கிறதா என்று பார்த்தால் போதும். கூடவே உபரி வாஷர் ஒரு செட், நாசில் இரண்டு மூன்று வகை வாங்கிக்கொள்ளுங்கள். அன்று மிச்சப்படுத்தும் சில்லறைக்காகப் பிறகு பாதி வேலையில் மன்னார்குடிக்கோ கும்பகோணத்துக்கோ ஓட வேண்டாம்.

நாசில்

தெளிப்பானில் விலை குறைந்த பாகமும் இதுதான், வேலையைத் தீர்மானிக்கும் பாகமும் இதுதான். தண்ணீர் எவ்வளவு வெளியே வருகிறது, துளி எவ்வளவு பொடியாகிறது, எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது என்ற மூன்றும் குழலின் நுனியில் இருக்கும் அந்தச் சின்ன மூக்கில்தான் முடிவாகின்றன.

புதியவர் இரண்டு வகையை அறிந்தால் போதும். வட்டமாக, நடுவில் வெற்றிடத்தோடு குடைபோல விரிந்து அடிப்பது கூம்பு நாசில். உள்ளே ஒரு சுழல்தட்டு இருக்கும், அது தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசும். துளி பொடியாக இருக்கும், பல கோணங்களில் இலைக்குள் புகும். பூச்சி மருந்துக்கும் பூஞ்சாண மருந்துக்கும் இதுதான். இன்னொன்று தட்டையாக, விசிறி மாதிரி அடிப்பது. துளி சற்றுப் பெரியது, காற்றில் பறப்பது குறைவு, நிலத்தில் சீராக விழும். களைக்கொல்லிக்கு இதைத்தான் மாட்ட வேண்டும்.

தெளிப்பானோடு வருவது பெரும்பாலும் கூம்பு வகை என்பதால் அதையே எல்லாவற்றுக்கும் வைத்து அடித்துவிடுகிறார்கள். களைக்கொல்லியைக் கூம்பு நாசிலில் அடித்தால் பொடித்துளி காற்றோடு போய் அடுத்தவர் வயலில் இறங்கும். கோடையில் பக்கத்தில் பருத்தி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி காற்றில் கொஞ்சம் போய்ப் பட்டாலே பருத்தி இலை விரல் விரலாகச் சுருங்கிவிடும். அதன்பிறகு வரப்புச் சண்டைதான்.

அழுத்தத்தைப் பற்றி ஒன்று. கைப்பிடியை வேகமாக ஆட்டினால் தண்ணீர் நிறைய வரும், வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்போம். ஒரு நாசிலில் வரும் தண்ணீர் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். அவ்வளவு ஆட்ட முடியாது. ஆட்டியதற்குப் பலனாகத் துளி இன்னும் பொடியாகிக் காற்றில் பறக்கும், அவ்வளவுதான். மெதுவாக, ஒரே தாளத்தில் ஆட்டுவதே சரி.

அடைத்துக்கொண்டால் கம்பியோ ஊசியோ விடாதீர்கள். துளை ஒரு நூல் அகன்றாலும் அளவு மாறிவிடும். பழைய பல்விளக்கும் பிரஷ் போதும். வாயில் வைத்து ஊதிச் சரிசெய்யும் பழக்கத்தைப் பல ஊரில் பார்க்கலாம். ஊதுபவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

வெறும் தண்ணீரில் அளவெடுப்பது

மருந்து டப்பாவைத் திறப்பதற்கு ஒரு நாள் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. தேவையானவை: ஒரு லிட்டர் அளவுக் குவளை, வாளி, நாலு குச்சி, நீளமான கயிறு, நேரம் பார்க்க செல்போன்.

முதலில் நாசிலைச் சோதியுங்கள். டேங்கில் தண்ணீர் ஊற்றி, வழக்கமான தாளத்தில் கைப்பிடியை ஆட்டி, நாசிலைக் குவளைக்குள் விட்டு ஒரு நிமிடம் பிடியுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் உங்கள் கையில் தாளம் பிடிபட்டுவிட்டது. அந்த எண்ணை டேங்க் மேலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள். பின்னாளில் அதே நாசில் அதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கக்கத் தொடங்கினால், அதாவது 600 மில்லி வந்த இடத்தில் 660 வந்தால், துளை தேய்ந்துவிட்டது. மாற்றிவிடுங்கள். பேட்டரி தெளிப்பானாக இருந்தால் முழு சார்ஜில் ஒரு தடவை, நாலைந்து டேங்க் ஓடிய பிறகு ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது.

அடுத்து நடை. இதற்கு நம் பகுதியின் பழைய கணக்கு அழகாக உதவுகிறது. இந்தப் பக்கம் குழி என்றால் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். 20 மா ஒரு வேலி, அது 6.6 ஏக்கர். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும், 40.5 ஏர் ஒரு ஏக்கர் என்று நினைவில் வைத்தால் போதும். கூலி, குத்தகை, விளைச்சல் எல்லாமே மாக்கணக்கில் பேசப்படுவதால் தெளிப்புக் கணக்கையும் அதிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

வயலில் 24 அடி அகலம், 60 அடி நீளம் அளந்து நாலு மூலையிலும் குச்சி நடுங்கள். 1,440 சதுர அடி, சரியாக 10 குழி. டேங்கில் ஏதாவது ஒரு குறி வரை தண்ணீர் நிரப்பி மாட்டிக்கொண்டு, மருந்து அடிப்பதாகவே நினைத்து அந்த 10 குழியை முழுக்க அடியுங்கள். காய்ந்த களத்தில் சோதித்தால் நடை வேகமாக இருக்கும், கணக்கு பொய்யாகிவிடும். நிற்கும் பயிருக்குள்ளேயே, சேற்றிலேயே நடக்க வேண்டும். அடித்து முடித்ததும் டேங்கைச் சமதளத்தில் வைத்து, பழைய குறி வரும் வரை லிட்டர் குவளையால் ஊற்றுங்கள். ஊற்றிய அளவுதான் 10 குழிக்குச் செலவான தண்ணீர்.

அதைப் பத்தால் பெருக்கினால் ஒரு மாவுக்கு. முப்பதால் பெருக்கினால் ஒரு ஏக்கருக்கு.

5 லிட்டர் போயிருந்தால் மாவுக்கு 50 லிட்டர், ஏக்கருக்கு 150 லிட்டர். கைத்தெளிப்பானில் நன்றாக வளர்ந்த நெற்பயிருக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் என்பதுதான் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளில் பொதுவாக வரும் அளவு; ஹெக்டேருக்கு 500 லிட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள், அது இதுவேதான். அந்தக் கணக்குக்கு 10 குழிக்கு ஆறரை லிட்டருக்குச் சற்று மேலே போக வேண்டும். உங்களுக்கு 4 லிட்டர்தான் போனது என்றால் ஓடுகிறீர்கள். 9 லிட்டர் போனது என்றால் இலையிலிருந்து வழிந்து தண்ணீரில் விழுகிறது. நடையைக் கொஞ்சம் மாற்றி மறுபடி அளந்து பாருங்கள்.

நட்ட இருபது நாள் பயிரில் எடுத்த கணக்கு, பூட்டை (கதிர்) கட்டும் பருவத்துப் பயிருக்குப் பொருந்தாது. பயிர் அடர அடர நடை தானாகவே மெதுவாகும். ஒரு போகத்துக்கு இரண்டு முறையாவது அளந்தாக வேண்டும்.

டேங்குக்கு எவ்வளவு மருந்து?

உறையில் போட்டிருப்பது ஏக்கருக்கோ ஹெக்டேருக்கோ இவ்வளவு என்று. கடையில் சொல்வது டேங்குக்கு இத்தனை மூடி என்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் எடுத்த அளவு உட்காருகிறது.

ஒரு மருந்து ஏக்கருக்கு 200 மில்லி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கு ஏக்கருக்கு 150 லிட்டர். 16 லிட்டர் டேங்கில் ஒன்பது டேங்கும் கொஞ்சமும் வரும். ஆகவே டேங்குக்கு 21 மில்லி. பக்கத்து வயல்காரர் நிதானமாக நடப்பவர், அவருக்கு 10 குழிக்கு 8 லிட்டர் போகிறது. ஏக்கருக்கு 240 லிட்டர், 15 டேங்க். அவருக்கு டேங்குக்கு 13 மில்லி போதும். அவர் சொன்ன 13 மில்லியை நீங்கள் ஊற்றினால் ஏக்கருக்கு 122 மில்லிதான் விழும். பூச்சி சாகாது, "மருந்து டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு அடுத்த வாரம் இன்னொரு மருந்து வாங்குவீர்கள். மாறாக, உங்கள் 21 மில்லியை அவர் ஊற்றினால் 315 மில்லி போகும். காசும் வீண், பயிருக்கும் ஆகாது, சிலந்தியும் தட்டானும் சேர்ந்து சாகும்.

மூடியால் அளப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு கம்பெனி மூடிக்கும் இன்னொரு கம்பெனி மூடிக்கும் அளவு வேறு. மில்லி குறி போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு, அதன்மேல் அடையாளம் போட்டு, வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில மருந்துக்கு லிட்டருக்கு இத்தனை மில்லி என்றே பரிந்துரை இருக்கும். அப்போது டேங்க் லிட்டரால் பெருக்கினால் முடிந்தது. ஆனால் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சதவீதக் கணக்கும் அப்படித்தான். 3 சதவீதப் பஞ்சகவ்யம் என்றால் 100 லிட்டருக்கு 3 லிட்டர், 16 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி. 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு என்றால் ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம்பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்ப்பது. இந்த இரண்டையும் மெல்லிய துணியில் இரண்டு தரம் வடிகட்டாமல் டேங்கில் ஊற்றாதீர்கள். அன்று முழுக்க நாசிலைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

டிரோனில் அடிப்பவர்கள் ஏக்கருக்கு 10 லிட்டர் தண்ணீரிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர்கள் கலக்கும் விகிதத்தைப் பார்த்துவிட்டுக் கைத்தெளிப்பானில் அதே கெட்டியில் கலந்தால் பயிர் கருகும், உங்களுக்கும் ஆபத்து. ஏக்கருக்கான மருந்து அவர்களுக்கும் நமக்கும் ஒன்றேதான், தண்ணீர்தான் வேறு.

கூலி விஷயம். டேங்க் கணக்கில் கூலி பேசும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அடிப்பவருக்கு டேங்க் கூடினால் நல்லது. ஏக்கர் கணக்கில் பேசினால் சீக்கிரம் முடித்தால் நல்லது. டேங்க் கூலியே பேசுங்கள், ஆனால் இந்த வயலுக்கு இத்தனை டேங்க் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்களிடம் 10 குழிக் கணக்கு இருந்தால் அது பேரமாகத் தெரியாது.

அடிக்கத்தான் வேண்டுமா, எங்கே அடிக்க வேண்டும்?

பூச்சியைப் பார்த்ததும் டேங்கைத் தூக்க வேண்டாம். எண்ணிப் பாருங்கள். வளரும் பருவத்தில் நடுக்குருத்து காய்ந்தது பத்து சதவீதத்தை எட்டினால்தான் குருத்துப்பூச்சிக்கு மருந்து. இலைச்சுருட்டுப்புழுவுக்கும் வளரும் பருவத்தில் பத்து சதவீத இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) ஐந்து சதவீதம். புகையான் என்றால் தூருக்கு ஒரு பூச்சி (ஒரு குத்து நெல்லில் கிளைக்கும் ஒவ்வொரு தண்டும் ஒரு தூர்). குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரைக்கும் பொறுக்கலாம். சந்தேகம் இருந்தால் காய்ந்த குருத்தையோ இலையையோ எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்பது அதற்குப் பிறகு.

புகையானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சம்பாவையும் தாளடியையும் வட்டம் வட்டமாகக் கருக்குவது அதுதான், தெளிப்பானைத் தப்பாகப் பிடிப்பதால் தப்பித்துக்கொள்வதும் அதுதான். புகையான் இலை மேலே உட்காராது. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அடையாக அப்பிக்கொண்டிருக்கும். மேலிருந்து எத்தனை டேங்க் அடித்தாலும் இலைக்கூரை தாங்கிக்கொள்ளும். முதலில் வயலில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பிறகு பயிரைக் குழலால் விலக்கி, நாசிலை உள்ளே இறக்கி, தூரடியில் படும்படி அடிக்க வேண்டும். நடவின்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டிருந்தால் அந்தப் பாதையில் நடந்து இருபுறமும் அடிப்பது எளிது. பட்டம் விடாத வயலில் இது உண்மையிலேயே கொடுமையான வேலை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரியான பைரித்ராய்டு மருந்துகளை இதற்கு அடிக்காதீர்கள். இயற்கை எதிரிகள் அழிந்து புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும்.

இலைச்சுருட்டுக்கு இலைமேல் படிந்தால் போதும். உளுந்தில் வெள்ளை ஈக்கு நாசிலை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கம் நனைக்க வேண்டும். மஞ்சள் தேமலைப் பரப்புவது அந்த ஈதான். களைக்கொல்லியில் குழலை இடம் வலமாக வீசக் கூடாது. முழங்கால் உயரத்தில் ஒரே மட்டத்தில் பிடித்து நடக்க வேண்டும். களை முளைத்த பின் அடிப்பது என்றால் தண்ணீரை வடித்து, களை வெளியே தெரிந்த பிறகு அடித்து, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி தண்ணீர் கட்டுவது வழக்கம்.

கலக்குவது

டேங்கில் பாதித் தண்ணீர் ஊற்றுங்கள். மருந்தைத் தனி வாளியில் இரண்டு லிட்டர் தண்ணீரில் குச்சியால் கலக்கி, சல்லடை வழியாக டேங்கில் ஊற்றி, மீதித் தண்ணீரை நிரப்புங்கள். தூள் மருந்தாக இருந்தால் முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழம்பாக்கி, பிறகு நீர்க்கச் செய்ய வேண்டும். நேரடியாகக் கொட்டினால் அடியில் கட்டிதட்டும்.

தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். புதுத்தண்ணீர் வரும் நாட்களில் வாய்க்கால் நீர் காபி நிறத்தில் ஓடும். அந்தச் சேறு நாசிலை அடைப்பதோடு சில களைக்கொல்லிகளின் வீரியத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். முதல்நாளே டிரம்மில் பிடித்துத் தெளிய விடுங்கள். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போல் உப்பு ஏறிய போர் தண்ணீர் இருக்கும் இடங்களில் குளத்துத் தண்ணீர் கிடைத்தால் அதுவே மேல்.

இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து "காக்டெயில்" அடிக்கச் சொல்வார்கள். உறையில் சேர்க்கலாம் என்று போட்டிருந்தால் தவிர வேண்டாம்.

காற்று, நேரம், நடை

குறுவைப் பருவத்தில் ஆடிக்காற்று. காலையில் பனி ஈரம் உலர்ந்ததும் தொடங்கி, காற்று கிளம்பும் முன் முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் மாலை நாலு மணிக்கு மேல். உச்சி வெயிலில் அடித்தால் துளி இலையைத் தொடும் முன்பே பாதி ஆவியாகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அடித்த சில மணி நேரத்துக்குள் மழை பெய்தால் அன்றைய கூலியும் மருந்தும் வடிகாலோடு போகும். வானம் கருத்திருந்தால் பொறுங்கள், ஒருநாள் தாமதத்தால் பயிர் அழிந்துவிடாது. பூத்த பயிரில் மாலைதான் நல்லது, தேனீக்கள் அடங்கியிருக்கும்.

காற்றுக்குக் குறுக்காக நடக்க வேண்டும். காற்று தெற்கிலிருந்து வந்தால் வயலின் வடக்கு ஓரத்தில் ஆரம்பித்து, கிழக்கு மேற்காக நடந்து, ஒவ்வொரு வரிசையாகத் தெற்கே ஏறி வாருங்கள். பறக்கும் துளியெல்லாம் ஏற்கெனவே அடித்த பக்கம் போய்விடும், நீங்கள் எப்போதும் அடிக்காத பயிருக்குள்தான் கால் வைப்பீர்கள். எதிர்க்காற்றில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு அடிப்பவரைப் பார்த்தால் அனுபவம் என்று நினைக்காதீர்கள். வரப்பு ஓரத்தில் திரும்பும்போது ட்ரிக்கரை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஓரப்பயிருக்கு இரட்டை மருந்து.

உடம்பு

மருந்து டப்பாவில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் பாதுகாப்பு என்று பொருள் இல்லை, மற்றவற்றைவிடக் குறைவு என்றுதான். புதியவர்கள் சிவப்பையும் மஞ்சளையும் தொடாமலிருப்பதே நல்லது. அதே பூச்சிக்கு நீலத்திலோ பச்சையிலோ பெரும்பாலும் ஒன்று கிடைக்கும், விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட், நைட்ரைல் கையுறை, முகமூடி, கண்ணாடி. மருந்தைக் கலக்கும் நேரம்தான் அடிக்கும் நேரத்தைவிட ஆபத்து, ஏனென்றால் அப்போது கையில் இருப்பது நீர்க்காத சரக்கு. கையுறையை அப்போதாவது மறக்காதீர்கள். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது பழக்கமாக இருக்கிறது. அது நனைந்ததும் மருந்தை மூக்குக்குப் பக்கத்திலேயே தேக்கி வைக்கும், கட்டாததைவிட மோசம். முதுகில் ஒழுகினால் "ரெண்டு டேங்க்தானே மிச்சம்" என்று தொடர வேண்டாம். இறக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, வாஷரை மாற்றிவிட்டு அடியுங்கள். இடையில் வெற்றிலை, பீடி, டீ எதுவும் கூடாது. வெறும் வயிற்றிலும் இறங்காதீர்கள்.

அதிகமாக வியர்ப்பது, வாயில் நீர் ஊறுவது, தலைசுற்றல், வாந்தி, பார்வை மங்குவது என்று எது வந்தாலும் வயலை விட்டு வெளியே வந்து, உடையைக் களைந்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்து கொடுக்க முடியும். வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுப்பது போன்றவற்றில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

முதல் தடவை எதை அடிப்பது?

விஷத்தில் தொடங்காதீர்கள். டெல்டாவில் இதற்கு நல்ல வாய்ப்பு தை, மாசியில் வருகிறது. சம்பா அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால் நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் விதைத்துவிடுவோம். தரையில் உரம் போட வழியில்லாத பயிர் அது, ஈரமும் போய்க்கொண்டே இருக்கும். அதனால் இலைவழியாக 2 சதவீத டிஏபி உரக் கரைசல் கொடுப்பது நீண்டகாலப் பரிந்துரை: பூக்கும்போது ஒன்று, பதினைந்து நாள் கழித்து இன்னொன்று.

ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியைச் சுமார் 10 லிட்டர் தண்ணீரில் முதல்நாள் மாலையே ஊறவைத்து நன்றாகக் கலக்கி விடுங்கள். மறுநாள் மேலே தெளிந்ததை மட்டும் அலுங்காமல் இறுத்து, துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து மொத்தம் பன்னிரண்டரை லிட்டராக்கிக்கொள்ளுங்கள். 200 லிட்டர் என்பது 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க். ஆகவே டேங்குக்கு ஒரு லிட்டர் கரைசல், மீதி தண்ணீர். கணக்கு தலைவலி இல்லை. மாலை வேளையில், கூம்பு நாசிலில் அடியுங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் (பயறுக்கான இலைவழி ஊட்டச்சத்துக் கலவை) வாங்கினால் ஏக்கருக்கு 2 கிலோ, அதே 200 லிட்டர், பூக்கும் தருணத்தில்.

உளுந்து வயல் காய்ந்த தரை, சேறு இல்லை, பயிர் முழங்காலைத் தாண்டாது. தோளில் டேங்க் எப்படி உட்காருகிறது, எங்கே விட்டுப்போகிறது, ஓரத்தில் எப்படித் திரும்புவது என்பதெல்லாம் இங்கே கைக்கு வந்துவிடும். கடைசி டேங்க் முடியும்போது வயலும் முடிந்திருந்தால் உங்கள் அளவு சரி. இரண்டு மா அடித்ததுமே கரைசல் தீர்ந்துவிட்டால் மறுபடி 10 குழி அளக்க வேண்டியதுதான்.

கழுவி வைப்பது

மீந்த கரைசலை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். கீழே ஒருவர் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். இரு பங்கு தண்ணீர் சேர்த்து அதே வயலில் குறைவாகப் பட்ட இடத்தில் அடித்து முடியுங்கள். டேங்கை மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நாசில் வழியாகவே வெளியேற்றினால்தான் ஹோஸும் குழலும் சுத்தமாகும். அந்தத் தண்ணீரும் வயலுக்கே. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரை டேங்கில் சேர்த்துவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். மிச்ச மருந்தை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உயிரை எடுத்திருக்கிறது.

களைக்கொல்லிக்கு முடிந்தால் தனித் தெளிப்பானே வைத்துக்கொள்ளுங்கள். வாஷரிலும் ஹோஸிலும் தங்கும் துளி, அடுத்த மாதம் உளுந்தில் அடிக்கும்போது இலையைச் சுருட்டிவிடும். ஒரே தெளிப்பான்தான் என்றால் டேங்கில் சோப்புத் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு விட்டு, மறுநாள் நன்றாக அலசுங்கள். 2,4-டி அடித்ததாக இருந்தால் அதையும் நம்ப வேண்டாம். பருத்திப் பக்கமோ பயறுப் பக்கமோ அந்த டேங்கைக் கொண்டுபோகாதீர்கள்.

போகம் முடிந்ததும் நாசிலைக் கழற்றித் தனிப்பையில் போட்டு, மூடியைத் திறந்தபடி தலைகீழாகக் கவிழ்த்து நிழலில் மாட்டி வையுங்கள். பிஸ்டன் வாஷருக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், காய்ந்தால் வெடித்துவிடும். பேட்டரி வகையாக இருந்தால் பயன்படுத்தாத நாட்களிலும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். மறுபடி எடுக்கும்போது முதலில் ஒரு நிமிடக் குவளைச் சோதனை. டேங்க் மேல் எழுதிய எண்ணோடு ஒத்துப்போனால் மட்டும் வயலுக்குப் போங்கள்.